ஓயோவின் வெற்றுக் குடுக்கை

அமைச்சர்களுக்குத் தம் மன்னனைப் பிடிக்காமல் போனால் என்ன நடக்கும் என்பது வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். உணவில் நஞ்சு கலக்கப்படும். இளவலைத் தூண்டி விடுவார்கள். அண்டை நாட்டானுக்கு இரகசிய ஓலை போகும். மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியாவின் தென்மேற்குப் பகுதியில், யொருபா மக்கள் அமைத்திருந்த ஓயோ பேரரசில் இவற்றுக்கெல்லாம் தேவையே இருந்ததில்லை. 'ஓயோ மேசி' எனப்பட்ட ஏழு பிரபுக்களின் அவை கூடி முடிவெடுக்கும். அவையின் தலைவரான பஷோருன், மன்னனுக்கு ஒரு சுரைக்குடுக்கையை அனுப்புவார். மூடியைத் திறந்தால் உள்ளே வெறுமை. அல்லது கிளி முட்டைகள். அதைக் கண்ட மன்னன் தன் உயிரைத் தானே முடித்துக்கொள்ள வேண்டும். மேல் முறையீடு கிடையாது.

தற்கொலையை நம் மார்க்கம் வன்மையாகத் தடுத்திருக்கிறது. எனவே இவ்வழக்கத்தைப் புகழ்வது நம் நோக்கமன்று. ஆயினும் அதன் பின்னேயிருந்த அரசியல் அறிவைக் கவனிக்காமல் கடந்து செல்ல முடியாது. 'அலாஃபின்' என்பது ஓயோ மன்னனின் பட்டம். 'அரண்மனைக்கு உரியவர்' என்று அதற்குப் பொருள். மக்கள் அவர் முன் மண்ணில் விழுந்து வணங்கினர். திருவிழா நாட்களில் தவிர அவர் முகத்தைக் காண்பதே அரிது. இத்தகைய மன்னனுக்கு மேல் ஏழு பேர் கொண்ட அவை. அவ்வவையின் வேகத்துக்கும் ஒரு கடிவாளம் உண்டு: மன்னன் மாண்டால் அவையைச் சேர்ந்த ஒருவரும் உடன் மாள வேண்டும். 'ஒக்போனி' என்ற பெரியோர் சங்கம் இரு தரப்பையும் கண்காணித்தது. தந்தையைக் கொன்று அரியணை ஏறும் ஆசை பட்டத்து இளவரசனுக்கு வரலாகாது என்பதற்காக, தந்தை இறந்தால் 'அரேமோ' என்னும் மூத்த மகனும் உடன் இறக்க வேண்டும் என்று விதித்திருந்தார்கள். படைத்தலைவர் 'கக்கன்ஃபோ' தலைநகரில் குடியிருக்கக் கூடாது. போருக்கு அனுப்பப்பட்டால் மூன்று மாதத்திற்குள் வெற்றியோடு திரும்ப வேண்டும். இல்லையேல் அவருடைய உடல்தான் திரும்ப வேண்டும்.

யாரும் யாரையும் முழுமையாக நம்பாத ஓர் ஆட்சிமுறை இது. அந்த அவநம்பிக்கையை ஒழுங்கு செய்து, சுமார் இரண்டு நூற்றாண்டுக் காலம் ஒரு பேரரசையே நடத்திக் காட்டினார்கள்!

இந்தப் பேரரசு எவ்வாறு எழுந்தது? ஆப்பிரிக்கா என்றதும் அடர்ந்த காடுதான் நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. பழைய ஓயோ நகரம் காட்டில் இல்லை. நைஜர் ஆற்றுக்குத் தெற்கே, புல்வெளி நாட்டில் இருந்தது. காட்டு நாட்டில் ட்செட்சி என்ற ஈயின் கடியால் குதிரைகள் நோயுற்று மடிந்துவிடும்; புல்வெளியில் ஓரளவு தாக்குப் பிடிக்கும். அங்கும் குதிரையைப் பெருக்குவது எளிதாக இருக்கவில்லை. வடக்கேயிருந்து தொடர்ந்து வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் வடக்கேயிருந்து வந்த நூப்பே இனத்தவரின் தாக்குதலால் ஓயோ மன்னர்கள் தலைநகரை இழந்து இக்போஹோ என்ற ஊரில் அகதிகளாக வாழ நேர்ந்தது. அங்கிருந்துதான் அவர்கள் குதிரைப்படையைத் திரட்டி மீண்டார்கள்.

திரும்பி வந்த கதை சுவையானது. பழைய நகருக்குப் போக மன்னர் அபிபா விரும்பினார். இக்போஹோவில் வேரூன்றிவிட்ட பிரபுக்கள் விரும்பவில்லை. கூனர், முடவர் எனத் தோற்றத்தால் அச்சமூட்டக்கூடிய சிலரை முன்னதாகவே அனுப்பி, இரவில் தீப்பந்தங்களோடு குன்றின் மீது கூச்சலிடச் செய்தார்களாம். பழைய ஊரில் பேய்கள் குடியேறிவிட்டன என்ற சேதி பரவியது. மன்னரோ வேட்டைக்காரர்களை அனுப்பி அந்தப் 'பேய்களை'ப் பிடித்து வரச்செய்து, அவற்றை அனுப்பிய பிரபுக்களின் முன்னேயே நிறுத்திவிட்டார். 'பேய் பிடித்த மன்னர்' என்று வழங்கும் பெயர் அவருக்கு அதனால் வந்தது. நம் தமிழில் அத்தொடருக்கு வேறு பொருள் வந்துவிடும். 'பேய்களைப் பிடித்தவர்' என்று கொள்க.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் திரும்பிய ஓயோ, அடுத்த நூறு ஆண்டுகளில் தென்மேற்கே கடற்கரை வரை கை நீட்டியது. தஹோமி அரசின் மீது 1726 முதல் அடுத்தடுத்துப் படையெடுத்து, 1730இல் அதைக் கப்பம் கட்ட வைத்தது. 1748இல் அவ்வுடன்பாடு மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1820களில்தான் தஹோமி அந்த நுகத்தை உதறியது.

யொருபாக்கள் நகரவாசிகள். உழவர் கூட மதில் சூழ்ந்த ஊரில் வாழ்ந்து, புறத்தேயுள்ள வயலுக்குச் சென்று வருவார். ஒரு முற்றத்தைச் சுற்றி ஒரே வமிசத்தின் பல குடும்பங்கள் வாழும் பெருமனைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு முதியவர் தலைவர். சந்தை பெண்களின் ஆட்சியில் இருந்தது; கணவனின் பணம் வேறு, மனைவியின் வாணிப முதல் வேறு. அவர்களுடைய மொழியில் ஒரே சொல் குரலின் ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறும். அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே தோற்கருவியில் எழுப்பி, முரசாலேயே வாழ்த்தும் செய்தியும் சொல்வார்கள். 1826இல் தலைநகருக்கு வந்த ஸ்காட்லாந்துப் பயணி கிளாப்பர்டன், அங்கே ஏழு சந்தைகள் மாலைதோறும் கூடியதை எழுதியிருக்கிறார்.

அச்சந்தைகளில் புழங்கிய பணம் சோழி. இந்தச் சோழிகள் ஆப்பிரிக்காவில் விளைந்தவை அல்ல. பெரும்பாலானவை நம் அண்டைக் கடலிலுள்ள மாலத்தீவிலிருந்து சென்றவை. மாலத்தீவில் காழியாக இருந்த இப்னு பதூதா, பின்னர் மாலி நாட்டிலும் அதே சோழிகள் பணமாக வழங்குவதைக் கண்டு எழுதினார். பிற்காலத்தில் டச்சுக் கம்பெனியார் இலங்கை வழியாக அவற்றை ஐரோப்பாவுக்கு ஏற்றிச் சென்றனர். அங்கிருந்து அவை மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்குப் போயின. எதை வாங்குவதற்கு? பெரும்பாலும் மனிதர்களை வாங்குவதற்கு.

ஓயோவின் செழிப்புக்கும் அதன் நோய்க்கும் வேர் ஒன்றேதான். கடற்கரையில் அடிமைகளை விற்றுப் பெற்ற சரக்குகளைக் கொடுத்து வடக்கே குதிரைகளை வாங்கினார்கள்; அக்குதிரைகளின் மீதேறி மேலும் அடிமைகளைப் பிடித்தார்கள். மன்னனின் கைக்கும் பிரபுவின் கைக்கும் கயிறு கட்டிய அந்த அரசியல் அமைப்பில், சந்தையில் விற்கப்பட்டவனுக்காக ஒரு முழக் கயிறும் இல்லை. அவனை விற்றவனுக்கு யாரும் வெற்றுக் குடுக்கை அனுப்பவில்லை. ஓயோவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சை உறுத்துவது இதுதான்.

இந்த மண்ணில் இஸ்லாம் எப்போது வந்தது? யொருபா மொழியில் நம் மார்க்கத்துக்கு வழங்கும் பெயரே ஒரு சான்று. 'எசின் இமாலே' என்பார்கள். மாலி நாட்டாரின் மார்க்கம் என்று அதற்கு விளக்கம் தருவர். வாளோடு அன்று, வணிக மூட்டையோடு வந்த மார்க்கம். பிரார்த்தனைக்கு அவர்கள் சொல்லும் 'அதுரா' நம்முடைய துஆ. 'அலுபரிக்கா' நம்முடைய பரக்கத். 'அலாஃபியா' நம்முடைய ஆஃபியத். யொருபா கிறிஸ்தவர்களும் தேவாலயத்தில் 'அதுரா' என்றே சொல்கிறார்கள்.

அவர்களுடைய மரபுக் கதை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மக்காவின் மன்னன் லாமுருது. அவன் மகன் ஒதுதுவா. சிலைகளை உடைத்த பிரைமா என்ற இளைஞனால் கலகம் மூண்டு, லாமுருது கொல்லப்பட, ஒதுதுவா தப்பியோடி இலே இஃபே நகரை நிறுவினான். அவனே யொருபா மன்னர்களின் மூதாதை. நம்ரூதும் இப்ராஹீம் நபியும் (அலை) இக்கதையில் உருமாறி நிற்பதை வாசகர்கள் கண்டுகொள்வார்கள். 'யொருபாக்கள் மக்காவிலிருந்து வந்தவர்களாமே ஹஜ்ரத்!' என்று என் மாணவர் ஒருவர் மகிழ்ச்சியோடு கேட்டார். அவருடைய மகிழ்ச்சியைக் கெடுக்க மனமில்லைதான். எனினும் வரலாற்று ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. முஸ்லிம் வணிகர்களிடம் கேட்ட வரலாறு உள்ளூர்க் கதையோடு கலந்து உண்டானது என்பதே பொருத்தம். மக்காவோடு முடிச்சுப் போட்டால்தான் ஒரு மக்களுக்குச் சிறப்பு என்று எண்ண வேண்டியதில்லை. இஃபே நகரில் கிடைத்துள்ள பித்தளைச் சிரங்களின் வேலைப்பாடு ஒன்றே அம்மக்களின் திறனுக்குப் போதுமான சாட்சி.

'யொருபா' என்ற பெயர் எழுத்தில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய இடங்களுள் ஒன்று, திம்புக்துவின் பேரறிஞர் அஹ்மது பாபா 1615இல் எழுதிய ஓர் அரபு ஃபத்வா நூலாகும். யாரை அடிமையாக்கலாம், யாரை ஆக்கக் கூடாது என்பதே அந்நூலின் பொருள். முஸ்லிமை அடிமையாக்க முடியாது. கறுப்பு நிறம் அடிமைத்தனத்தின் காரணமாகாது என்று அவர் தெளிவாக வாதிட்டார். மொரோக்கோப் படையினரால் 1594இல் விலங்கிடப்பட்டு மர்ராக்கேஷுக்குக் கொண்டு செல்லப்பட்டவர் அவர். விலங்கின் எடையை அறிந்தவர். ஆனால் அந்நூலில் யொருபாக்களின் பெயர் இடம் பெற்றிருப்பது, முஸ்லிம் அல்லாத இனங்களின் பட்டியலில்! அதாவது, அடிமையாக்கத் தடையில்லாதோர் வரிசையில். அவ்வறிஞரின் மீது நாம் கொண்டுள்ள மதிப்பின் காரணமாக இதை மறைப்பது முறையன்று.

இனி வீழ்ச்சியின் கதைக்கு வருவோம். இவ்வரலாற்றைத் திரட்டித் தந்தவர் சாமுவேல் ஜான்சன் என்ற யொருபா கிறிஸ்தவப் போதகர். 1897இல் அவர் எழுதி முடித்த கையெழுத்துப் படி இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டுக் காணாமற்போயிற்று. 1901இல் அவர் காலமானார். மருத்துவரான அவருடைய தம்பி, அண்ணன் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு மீண்டும் எழுதி, 1921இல்தான் நூல் வெளிவந்தது.

1754இல் பஷோருன் ஆன காஹா என்பவர், மன்னனைத் திருத்துவதற்காக வைத்திருந்த குடுக்கையைத் தம் சொந்த ஆயுதமாக்கிக்கொண்டார். இருபது ஆண்டுகளில் மன்னர் பலரை மரணத்துக்கு அனுப்பினார். 1774இல் மன்னர் அபியோதுன் படைத்தலைவரின் துணையோடு காஹாவை வீழ்த்தினார். அபியோதுனின் காலம் அமைதியான காலம் என்பார்கள். வாணிபம் பெருகியது, அதில் அடிமை வாணிபமே முதன்மை. படை மெலிந்தது. 1783இல் போர்கு நாட்டாரிடம் ஓயோ தோற்றது. அடுத்து நூப்பேயிடமும் தோற்றது.

அபியோதுனுக்குப் பின் 1789இல் அவோலே மன்னரானார். அரியணை ஏறுமுன் அவர் ஊர் ஊராகச் சென்று வாணிபம் செய்தவர். அப்போமு என்ற சந்தையூரில் தம் நண்பரையே அடிமையாக விற்றுவிட்டார் என்கிறது மரபு. ஆள் கடத்தலைத் தடை செய்திருந்த அவ்வூர்த் தலைவர், விற்றவர் இளவரசர் என்றும் பாராமல் கசையடி கொடுத்தார். வெற்றுக் குடுக்கை எட்டாத இடத்தில் ஒரு சிற்றூர்த் தலைவரின் சாட்டை எட்டியது. மன்னரானதும் அவோலே செய்த முதல் வேலைகளில் ஒன்று, புனித நகரான இஃபேயைச் சேர்ந்த அந்த அப்போமுவைத் தாக்கப் படை அனுப்பியது. தம்மால் ஊர் அழியலாகாது என்று அத்தலைவர் உயிரை விட்டார். நீதி செய்தவரின் தலை, நீதிக்குள்ளானவரின் அரண்மனைக்கு அனுப்பப்பட்டது.

அதே மன்னரைப் பற்றி இன்னொரு நிகழ்ச்சியும் ஜான்சனின் நூலில் இருக்கிறது. வடக்கேயிருந்து வந்த ஹௌஸா முஸ்லிம் வணிகர் ஒருவரின் சரக்குகளை, தீய மந்திரப் பொருட்கள் கொண்டு வந்தார் எனச் சாட்டி, ஓயோ பிரபுக்கள் பறித்துக்கொண்டனர். பறிபோனவற்றுள் ஒரு குர்ஆன் பிரதியும் இருந்தது. வணிகர் மன்னரிடம் முறையிட்டார். அனைத்தையும் திருப்பித் தருமாறு அவோலே ஆணையிட்டார். எல்லாம் திரும்பி வந்தன, குர்ஆன் மட்டும் வரவில்லை. வணிகர் விடவில்லை, மீண்டும் சென்று முறையிட்டார். மன்னரும் விடவில்லை. பஷோருனோ, தேடியும் கிடைக்கவில்லை என்று கைவிரித்தார். தம் தலைநகரிலேயே தம் சொல் செல்லவில்லையா என்று சினந்த மன்னர், தம் தந்தை அதைத் தேடிக் கொடுப்பார் என்றாராம். தந்தை என்று அவர் குறித்தது, இடியின் தெய்வமாக அம்மக்கள் வணங்கிய மூதாதை ஷாங்கோவை! நண்பரை விற்ற அதே மனிதர், வழிப்போக்கரான ஒரு முஸ்லிமின் வேதத்துக்காகத் தம் முதலமைச்சரோடு பகை கொண்டார். மனிதரை ஒற்றைச் சொல்லால் அளந்துவிட முடியாது.

மன்னருக்கும் பிரபுக்களுக்கும் மூண்ட பகை முற்றியது. படைத்தலைவர் அஃபோன்ஜாவை ஒழிப்பதற்காக, எளிதில் வெல்ல முடியாத இவேரே நகரைத் தாக்குமாறு மன்னர் பணித்தார். மூன்று மாத விதி நினைவிருக்கிறதல்லவா? படை சூழ்ச்சியை உணர்ந்து கலகம் செய்தது. சுமார் 1796இல் அவோலேயின் முன் வெற்றுக் குடுக்கை வந்து சேர்ந்தது. அவர் முற்றத்தில் நின்று மூன்று திசைகளில் அம்பெய்து, அத்திசைகளுக்கெல்லாம் இந்நாட்டு மக்கள் அடிமைகளாகக் கொண்டு செல்லப்படட்டும் எனச் சபித்து, ஒரு மண்பாத்திரத்தை உடைத்து, உடைந்தது ஒட்டாதது போல் தம் சாபமும் மீளாது என்று கூறி மாண்டாராம். சாபத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை. அம்பு பாய்ந்த திசைகளுக்கெல்லாம் மக்கள் அடிமைகளாகச் சென்றது மட்டும் உண்மை.

அஃபோன்ஜா இலோரின் நகரில் தனி ஆட்சி அமைத்தார். 1804இல் வடக்கே ஷெய்கு உஸ்மான் தன் ஃபோதியோ தொடங்கிய ஜிஹாத் ஹௌஸா நாடுகளை மாற்றிவிட்டிருந்தது. அஃபோன்ஜா முஸ்லிம் அல்லர். ஆயினும் ஃபுலானி இனத்து மார்க்க அறிஞர் ஸாலிஹ் என்பவரைத் தம்மோடு தங்க அழைத்தார். 'ஆலிம்' என்ற சொல்லே 'அலிமி' எனத் திரிந்து அவருடைய பெயராகிவிட்டது. சுமார் 1817இல், எசமானர்களை விட்டு ஓடிவரும் அடிமைகளுக்கு இலோரினில் விடுதலையுண்டு என்று அறிவிக்கப்பட்டது. ஓயோ நாடெங்கும் நாவிதராகவும் கயிறு திரிப்போராகவும் மாடு மேய்ப்போராகவும் உழைத்துக்கொண்டிருந்த ஹௌஸா முஸ்லிம் அடிமைகள் கூட்டங்கூட்டமாக ஓடி வந்தார்கள். 'ஜமாஅத்' என்றே அப்படைக்குப் பெயர். குடுக்கை எட்டாத இடத்தை விலங்கு பூண்டவர்களே எட்டிப் பிடித்தனர்.

இதோடு கதையை நிறுத்திவிட்டால் நமக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் விடுதலை பெற்ற அந்த ஜமாஅத் ஊர்களைச் சூறையாடியது. பிறரை அடிமையாகப் பிடித்து விற்றது. 1821இல் ஒசோகுன் என்ற ஊர் தாக்கப்பட்டபோது ஏறத்தாழ 13 வயதுச் சிறுவன் ஒருவன் தாயோடு பிடிபட்டான். ஃபுலானிகளும் ஓயோ முஸ்லிம்களும் தப்பி வந்த அடிமைகளும் அத்தாக்குதலில் கலந்திருந்ததாகப் பின்னாளில் அவரே எழுதினார். கைமாறிக் கைமாறிப் போர்ச்சுகீசியக் கப்பலில் ஏற்றப்பட்ட அச்சிறுவனை 1822இல் ஆங்கிலக் கடற்படை மீட்டது. 1864இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்கப் பிஷப்பான சாமுவேல் அஜாயி கிரவுதர் அவர்தான். நம் கூட்டத்தார் செய்ததை நம் வாயால் சொல்லாமல் பிறர் வாயால் கேட்பது நல்லதன்று.

ஜமாஅத்தை அடக்க முயன்ற அஃபோன்ஜா 1820களில் அவர்களாலேயே கொல்லப்பட்டார். அலிமியின் மகன் அப்துஸ்ஸலாம் முதல் அமீரானார். அவர்களுக்குத் துணை நின்ற யொருபா முஸ்லிம் தலைவர் சோலாக்பெருவும் பின்னர் அவர்களோடு முரண்பட்டு உயிரிழந்தார். 1830களின் நடுவில் மன்னர் ஒலூவு இலோரினுக்கு எதிரான போரில் மடிந்தார். பழைய ஓயோ கைவிடப்பட்டது. மன்னர் அதிபா நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் தெற்கே புதிய ஓயோவை அமைத்தார். மூத்த மகன் தந்தையோடு சாகும் வழக்கத்தை நிறுத்தியவர் அவரே. இவாதான் நகரத்தார் 1840ஐ ஒட்டி ஒசோக்போவில் இலோரின் படையைத் தடுத்து நிறுத்தினர். அதன் பின்னும் யொருபாக்கள் தமக்குள்ளே போரிட்டு, 1893இல் ஆங்கிலேயரின் பிடிக்குள் வந்தனர். இலோரினில் அலிமியின் வழியினர் இன்றும் அமீர்களாக உள்ளனர். 1970 முதல் 2022 வரை ஓயோவின் அலாஃபினாக இருந்த லாமிதி அதெயேமியும் ஒரு முஸ்லிம்; 'ஹமீது' என்பதே யொருபா நாவில் 'லாமிதி' ஆயிற்று.

இப்போர்களில் பிடிபட்டவர்களுள் ஆயிரக்கணக்கானோர் பிரேசில் நாட்டின் பாஹியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அங்கே யொருபா முஸ்லிம்களை 'மாலே' என்றார்கள். 'இமாலே' என்ற அதே சொல். கரும்புத் தோட்டங்களும் துறைமுகமும் சூழ்ந்த சல்வதோர் நகரில் அவர்கள் இரகசியமாக அரபு எழுத்துக் கற்றனர், கூடித் தொழுதனர். 1835 ஜனவரி 25ஆம் நாள் விடியுமுன், ரமலானின் இறுதிப் பத்தில், சுமார் அறுநூறு பேர் விடுதலை வேண்டிக் கிளர்ந்தெழுந்தனர். சில மணி நேரத்தில் அது அடக்கப்பட்டது. எழுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

கிளர்ந்தெழுந்தவர்கள் தாக்கிய இடங்களுள் ஒன்று நகரச் சிறைச்சாலை. அங்கே லிகுதான் என்ற முதிய யொருபா அடிமை அடைக்கப்பட்டிருந்தார். அவர் செய்த குற்றம் ஏதுமில்லை. அவருடைய எசமானன் கடனைத் தீர்க்காததால், எசமானனின் சொத்து என்ற முறையில் அவரைப் பிடித்து வைத்திருந்தார்கள். அவருக்கு விடுதலை வாங்க மாணவர்கள் இருமுறை பணம் திரட்டிக் கொடுத்தும் எசமானன் இசையவில்லை. அவர்களுக்கு ஓதிக்கொடுத்த ஆசிரியர் அவர். சிறையின் கதவு அன்று திறக்கவில்லை. பின்னர் நடந்த விசாரணையில் பெயரைக் கேட்டபோது, தம் பெயர் பிலால் என்றார். அது பொய், லிகுதான் என்பதே அவர் பெயர் என எல்லோரும் அறிவர் என்றார் நீதிபதி. அப்படி அழைப்பது உண்மைதான். ஆனால் தாம் விரும்பிய பெயரைத் தாம் வைத்துக்கொள்ளலாம் என்று முதியவர் விடையளித்தார். அவருக்குக் கசையடித் தண்டனை விதித்தார்கள். அவர்களிடமிருந்து கைப்பற்றப்பட்ட, அரபியில் எழுதிய தாள்கள் பாஹியாவின் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. அவற்றில் சில குர்ஆன் வசனங்கள். சில, எழுதப் பழகுகிறவரின் கோணல் மாணலான எழுத்துக்கள்.